நீர்மோர்ப் பந்தலில் எவர்சில்வர் தம்ளர்: கத்திரி வெயிலில் சரிப்பட்டு வருமா?

ஏப்ரல் 20

நேராகக் கேள்விக்கு வருகிறேன். சென்னையை ஒட்டிய சிட்லப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் அக்னி நட்சத்திரத்துக்கு ஒவ்வொரு வருடமும் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். கோயில் முனையில் ஒரு கீற்றுப் பந்தல், இரண்டு மண்பானை, ஒரு அண்டா. ஆட்டோக்காரர்கள், டெலிவரிப் பையன்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். சாயந்திரம் பார்த்தால் மழைநீர்க் கால்வாய் ஓரம் முழுக்கக் காகிதக் கப். இந்த வருடம் எவர்சில்வர் தம்ளர் வைக்கலாமே என்றேன். தெருவில் மூத்தவர் ஒருவர் உடனே கேட்டார்: "குடிக்கவே லாரித் தண்ணி வாங்கறோம். தம்ளர் கழுவ யாரும்மா தண்ணி கொடுப்பா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் பழக்கத்தை மாற்ற ஏப்ரல், மே மாதிரி நல்ல மாதம் கிடையாது என்பது என் கட்சி. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள், குப்பையும் தண்ணீர்ச் செலவும் கண்முன்னால் ஏறுகிறது. ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. செய்து பார்த்தவர்கள் தண்ணீர்க் கணக்கைச் சொல்லுங்கள். வருகிற பதில்களுக்கும் கேள்விகளுக்கும் இதே இழையில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வருகிறேன்.

ஏப்ரல் 21

"காகிதக் கப் மக்கிவிடுமே" என்று கேட்டவருக்கு: கப்பின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வரும். அது இல்லாவிட்டால் காகிதம் ஊறிப்போய்விடும். அந்தப் படலத்தால்தான் பழைய பேப்பர்க் கடைக்காரரும் அதை எடுப்பதில்லை, உரத் தொட்டியிலும் போட முடிவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. கடையில் கிடைக்கிறது என்பதால் தடை இல்லை என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் சுற்றியது, "ஒரு கப்பில் 25,000 பிளாஸ்டிக் துகள்" என்று. அது கரக்பூர் ஐஐடி 2020இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 100 மில்லி சூடான பானம், கப்பில் 15 நிமிடம் இருந்தால் என்ற கணக்கு. டீக்குப் பொருந்தும், பானையில் குளிர்ந்த மோருக்கு அப்படியே பொருந்தாது. நம் பக்கம் நியாயம் இருக்கும்போது கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

ஏப்ரல் 24

தம்ளர் எங்கிருந்து வரும்? பாத்திர வாடகைக் கடையில் கேட்டோம். கிடைக்கும், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் வாடகை பெரிதாகிவிடும். என் அத்தைதான் வழி சொன்னார். "ஒவ்வொரு வீட்டுப் பரண்லயும் சீர்ல வந்த தம்ளர் தூங்குது, கேட்டுப் பாரு." வீட்டுக்கு ஐந்தாறு என்று கேட்டோம். கோணிப்பை நிறைய வந்துவிட்டது. பெயர் வெட்டிய தம்ளர்கள், கல்யாணத் தேதி வெட்டியவை, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவை. பிள்ளைகள் உட்கார்ந்து பெயர் பெயராகப் படித்துப் பிரித்தார்கள். ஒரு தம்ளரில் இருந்த தேதி என் கணவர் பிறந்த வருடம். அதை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று என் சின்னவள் தனியாக எடுத்து வைத்தாள்.

ஏப்ரல் 28

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். லீவில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று கேட்டிருந்தவருக்கு: பெசன்ட் நகர் கடற்கரையில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். இந்த மாதத்தோடு பருவம் முடியப்போகிறது. ஜனவரியிலிருந்து ராத்திரி ராத்திரியாக மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று எண்பதுகளின் கடைசியிலிருந்து இதைச் செய்துவருகிறது. ஒரு குழியில் நூறு முட்டை போல இருக்கும், பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும்.

குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். கடல்தான் வெளிச்சமாக இருக்க வேண்டும், நம் ஊரில் கடற்கரை விளக்குகள் அதைவிட வெளிச்சம். அதனால் தவறான பக்கம் ஊர்ந்துபோகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம் பொரிக்கும் என்று அங்கே சொன்னார்கள். பெரியவன் அதைப் பிடித்துக்கொண்டான். வெயில் ஏறிக்கொண்டே போனால் ஆண் ஆமையே இல்லாமல் போய்விடுமா என்று வீடு வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தான். சூழல் பற்றிப் புத்தகத்தில் எத்தனை பாடம் வைத்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. டார்ச், செல்போன் ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம், அங்கே சொல்வதைக் கேட்டு நில்லுங்கள்.

மே 5

பந்தல் நேற்று ஆரம்பித்தது. தண்ணீர்க் கணக்கு இதோ.

மூன்று பிளாஸ்டிக் தொட்டி வரிசையாக வைத்தோம். முதலாவதில் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர், எலுமிச்சைத் தோல் கொஞ்சம். இரண்டாவது அலசுவதற்கு. மூன்றாவது கடைசி முக்கல். முதல் தொட்டி கலங்கியதும் அதை எடுத்துத் தெரு வேப்பங்கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு, இரண்டாவதை முதலாவதாகவும் மூன்றாவதை இரண்டாவதாகவும் நகர்த்தி, மூன்றாவது இடத்துக்கு மட்டும் புதுத் தண்ணீர். இப்படிச் செய்தால் ஒரு தம்ளருக்குக் கால் லிட்டர் போல ஆகிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் ஒரு லிட்டர் சாதாரணமாகப் போய்விடும். அப்புறம் ராத்திரி எல்லாத் தம்ளரையும் அண்டாவில் வெந்நீரில் போட்டு எடுத்துக் கவிழ்த்துவிடுகிறோம். சோப்பு இல்லாததால் கழுவிய தண்ணீர் கன்றுக்குப் போகிறது. சோப்பு போட்டிருந்தால் கால்வாய்க்குத்தான்.

இன்னொன்று நாங்கள் எதிர்பார்க்காதது. கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் யாரும் தம்ளரில் வாய் வைக்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். வாய் வைத்துக் குடிப்பது எங்களைப் போலப் படித்த வீட்டுப் பிள்ளைகள்தான். "எச்சில் தம்ளர், நோய் வரும்" என்று பயந்தவர்கள் ஒரு மணி நேரம் பந்தலில் நின்று பார்த்தால் போதும். அண்ணாந்து குடிக்கப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தோம். முதலில் சட்டை நனைந்தது, அப்புறம் வந்துவிட்டது.

மே 6

கழுவுவது யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியைத்தான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று படுகிறது. ஆரம்பித்த அன்று மாலை தொட்டி ஓரம் நின்றவர்கள் எல்லாம் பெண்கள். மோர் ஊற்றிக்கொடுப்பதற்கு ஆண்கள் நிறைய இருந்தார்கள். நாளையிலிருந்து அட்டவணை போட்டு, வீட்டுக்கு ஒரு ஆண், ஒரு பையன் என்று கழுவும் முறை வருகிறது. தண்ணீரை விட ஆள்தான் அரிதான சாமான்.

மே 12

ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருக்கிறது. வீட்டில் இப்போது ஒன்பது பேர். சமையலறைக் குப்பை என்ன ஆகிறது என்பதைப் பற்றி எழுதுகிறேன், கேட்டவர்கள் பலர்.

நாங்கள் வைத்திருப்பது பெயின்ட் பக்கெட், பக்கத்தில் துளை போட்டது. காய்கறித் தோல் ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு பங்கு, மேலே ஒரு பிடி தென்னை நார்த்தூள். வாரத்துக்கு ஒருமுறை புளித்த மோர் தெளிப்பேன். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், சருகைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். கோடையில் சிக்கல் தர்பூசணியும் பலாச்சுளை மடலும். தர்பூசணித் தோல் முழுக்கத் தண்ணீர். அதை அப்படியே போட்டால் பக்கெட் குழம்பாகிவிடும். வெள்ளைப் பகுதியைச் சீவிப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வையுங்கள், பூசணிக்காய் மாதிரியே இருக்கும். பச்சைத் தோலை மாடியில் ஒரு நாள் வெயிலில் போட்டால் கைக்குள் சுருங்கிவிடும். கத்திரி வெயிலை நாம் வடாம் காயவைக்க மட்டும் பயன்படுத்துகிறோம், குப்பையைச் சுருக்கவும் அதே வெயில் போதும்.

மாங்கொட்டை லேசில் மக்காது. அதைத் தனியே எடுத்துவிடுங்கள். சாம்பல் நிறத்தில் தடித்த புழு வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கறுப்பு சிப்பாய் ஈயின் புழு, வேலையை வேகமாக முடித்துவிடும். எங்கள் பக்கெட்டுக்குள் அது வந்த அன்று நாத்தனார் பையன் வீட்டை விட்டே ஓடினான். இப்போது அவன்தான் மூடியைத் திறந்து எல்லாருக்கும் காட்டுகிறான்.

இதைச் சொல்லும்போது குப்பை வண்டி அக்காவையும் சொல்ல வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, பேட்டரி மாதிரி அபாயக் குப்பை என்று பிரித்து, நாப்கின், டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுப்பது 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. எங்கள் தெருவில் கலந்து கொடுத்தால் அந்த அக்கா கையால்தான் பிரிக்கிறார். உடைந்த கண்ணாடி குத்தி அவர் விரலில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் கண்ணாடியைத் தனியாகச் சுற்றி, மேலே எழுதிக் கொடுக்கிறோம். உரத் தொட்டி வைப்பதற்கு முன்னால் இந்த ஒன்றைச் செய்யுங்கள். செலவு கிடையாது.

மே 17

கோடை மழை! நல்ல மழை. அதனால் அவசரமாக ஒரு குறிப்பு.

மொட்டை மாடியின் கணக்கு தெரியுமா? நூறு சதுர மீட்டர் மாடியில் (ஏறக்குறைய 1,075 சதுர அடி) ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். சென்னைக்கு வருடத்தில் சராசரி 1,400 மில்லிமீட்டர் போல மழை. அதில் முக்கால் பங்கைப் பிடித்தாலே ஒரு லட்சம் லிட்டர் நிலத்துக்குள் போகும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு, ஒன்பது லாரி. 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று ஆனபோது ஊரே குழி வெட்டியது. எங்கள் குடியிருப்பிலும் குழி இருக்கிறது, மூடியைத் திறந்து பார்த்து எத்தனை காலமோ.

இன்று மழை விட்டதும் திறந்தோம். மேல் மணல் சேறாக இறுகிக்கிடந்தது, தண்ணீர் உள்ளே போகவே இல்லை, மேலே வழிந்து தெருவுக்கு ஓடியது. மாடித் தண்ணீர் இறங்கும் பைப்பின் வாயில் சருகும், ஒரு டென்னிஸ் பந்தும்.

மே 19

குழி வேலை முடிந்தது. மேல் மணலை வாரி எடுத்துக் கழுவிக் காயவைத்து, கீழே இருந்த ஜல்லியையும் ஒருமுறை அலசி, திரும்பப் போட்டோம். ஒரு ஞாயிறு காலை வேலைதான், நான்கு வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்தால். ஆழமான குழி என்றால் பிள்ளைகளை உள்ளே இறக்காதீர்கள், மூடியிருந்த குழியில் யாரும் தனியாக இறங்கவே கூடாது. அதற்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும். எங்களுடையது இடுப்பளவுதான். மாடியை முதலில் பெருக்கிவிடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து குழிக்குத் திருப்புங்கள்.

"ஏரி இருக்கிற ஊரில் குழி எதற்கு?" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதே கோடையில்தான் சிட்லப்பாக்கம் ஏரியில் மக்களே இறங்கிக் குப்பையை வாரினார்கள். வறண்ட ஏரிக்குள் என்னவெல்லாம் கிடந்தது என்று அன்று பார்த்தவர்கள் ஏரி இருக்கிறது என்று நிம்மதியாக உட்காரமாட்டார்கள்.

மே 22

மின்சாரம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஏசியை 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓட விடுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் போல எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக எடுக்கும் புது வகை மோட்டார் வைத்தது) 30 வாட் பக்கத்தில். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறும், அதனால் தாண்டாமல் பார்த்துக்கொள்வது லாபம். சோலாருக்கு 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். தனி வீட்டுக்காரர்கள் தாராளமாக யோசிக்கலாம். எங்களைப் போலப் பொது மாடி வைத்திருப்பவர்களுக்கு முதலில் எட்டு வீடும் ஒத்துப்போக வேண்டும், அது வேறு கதை.

மே 26

மாடித் தோட்டம் பற்றி என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். எல்லாப் பழக்கத்துக்கும் கோடைதான் ஆரம்பம் என்று முதல் குறிப்பில் எழுதியிருந்தேன். தோட்டத்துக்கு அது பொருந்தாது. மே மாதம் மாடியில் புதிதாகப் பை வாங்கி, நாற்று நட்டு, காலை மாலை தண்ணீர் ஊற்றுவது வீண். தக்காளி பூ எடுக்கும், உதிரும். இருக்கிற செடிகளுக்கு நிழல்வலை, தொட்டி மண்ணுக்கு மேல் சருகு மூடாக்கு, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்டுக்கீரை மட்டும் நிழலில் வரும். மே மாதத்தில் போட வேண்டியது உரம். இப்போது நிரப்பும் பக்கெட் ஆடிக்குத் தயாராகிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

இதற்கு ஒருவர் "அப்போ லீவில் பிள்ளைகளுக்கு என்ன வேலை?" என்றார். விதை சேர்க்கச் சொல்லுங்கள். முற்றிய அவரை, வெண்டை, பீர்க்கை, சுரைக்குடுக்கை எல்லாம் ஊரில் தாத்தா வீட்டில் கிடைக்கும். சாம்பலில் புரட்டிக் காயவைத்துக் காகிதப் பொட்டலத்தில் பெயர் எழுதி வைத்தால் போதும். நுங்குக் குடுக்கையில் வண்டி செய்து ஓட்டுவதும் நடக்கட்டும், குச்சி ஒன்றுதான் செலவு.

ஜூன் 1

பந்தல் முடிந்தது. கணக்கு: காணாமல் போன தம்ளர் மிகக் குறைவு. "எல்லாம் திருட்டுப் போயிடும்" என்று சொன்னவர்கள் இங்கே படித்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். கழுவும் அட்டவணை முதல் வாரம் தள்ளாடியது, கல்லூரி படிக்கிற பையன்கள் இரண்டு பேர் பொறுப்பெடுத்த பிறகு ஒழுங்காக ஓடியது. அந்த மூத்தவர் கடைசி வாரம் தானே தொட்டி ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எனக்கு மிகவும் சந்தோஷம்.

ஜூன் 8

திங்கள் பள்ளி திறக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் பழைய புத்தகம், யூனிஃபார்ம், ஷூ மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு செய்தோம். வளர்கிற பிள்ளைக்கு ஷூ ஆறு மாதம் கூடத் தாங்குவதில்லை, பாதித் தேய்மானத்தில் அளவு மாறிவிடுகிறது. ஒரே பள்ளி யூனிஃபார்ம் என்பதால் பெயர் போட்டுக் கொடுத்தால் சங்கடம் என்று சிலருக்குத் தயக்கம் இருந்தது. அதனால் யார் கொடுத்தது என்று எழுதவில்லை, அளவு மட்டும் எழுதி அடுக்கினோம். தயக்கம் போய்விட்டது. அட்டை போடுவதற்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழுப்புத் தாள் போதும் என்று எல்லாருமே ஒத்துக்கொண்டார்கள். ஒரு பள்ளி மட்டும் பிளாஸ்டிக் உறைதான் வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பெற்றோர் சேர்ந்து கடிதம் எழுதுகிறோம்.

ஜூன் 30

பள்ளி திறந்தபின் என்ன மிஞ்சியது என்று கேட்கிறார்கள். பக்கெட் ஓடுகிறது, குப்பை பிரிப்பது ஓடுகிறது. காலை டிபன் டப்பா, பஸ், அலுவலகம் என்று ஓடும்போது இவை நின்றுபோகாததற்குக் காரணம் என் சுறுசுறுப்பு இல்லை. லீவில் பெரியவனுக்குப் பக்கெட், சின்னவளுக்குச் சருகு, கணவருக்குக் குப்பை வண்டி என்று பிரித்துக் கொடுத்ததுதான். அம்மா ஒருத்தி தலையில் ஏற்றிய பசுமை ஒரு ஜூன் மாதம்கூடத் தாங்காது.

ஜூலை 21

முதல் ஆடி ஞாயிறு, அம்மன் கோயிலில் கூழ். தம்ளர் மூட்டையை எடுத்தோம், தொட்டிகளையும் வைத்தோம். ஆனால் கேழ்வரகுக் கூழ் மோர் மாதிரி இல்லை. தம்ளரில் ஒட்டிக் காய்ந்தால் தேய்க்காமல் போகாது, மோருக்குச் செலவானதைப் போலப் பல மடங்கு தண்ணீர். முதல் தொட்டி பத்து நிமிடத்தில் கஞ்சியாகிவிட்டது. அதனால் பாதியில் முறையை மாற்றினோம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் தூக்குவாளி, சொம்பு எடுத்து வரச் சொன்னோம். வழியில் போகிறவர்களுக்கு மந்தாரை இலைத் தொன்னை. தொன்னைகள் சாயந்திரமே உரக்குழிக்குப் போயின, கருவாட்டுக் குழம்பு பட்டவற்றை மட்டும் ஆழமாகப் புதைத்தோம், இல்லாவிட்டால் தெரு நாய் தோண்டிவிடும்.

ஆக மோருக்கு எவர்சில்வர், கூழுக்குத் தூக்குவாளியும் தொன்னையும். ஏப்ரலில் ஒரே பதில் தேடினேன். என்ன பரிமாறுகிறோம், தண்ணீர் எவ்வளவு, நிற்க ஆள் எத்தனை, மூன்றையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜூலை 24

தம்ளர் மூட்டையைக் கேட்டிருந்த செம்பாக்கம் நண்பருக்கு: தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பூந்திக்கொட்டையை முந்தின நாளே ஊறப்போடுங்கள், வெந்நீருக்கு அண்டா உங்கள் பொறுப்பு. கழுவும் அட்டவணையில் ஆண்கள் பெயர் இருந்தால்தான் கொடுப்பதாக எங்கள் தெருப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள், இதில் நானும் சேர்த்தி.

செப்டம்பரில் பிள்ளையார் சதுர்த்தி. பெயின்ட் அடிக்காத களிமண் பிள்ளையார் நாமே செய்து, வீட்டுத் தொட்டியிலேயே கரைக்கலாம் என்று பேச்சு. மர அச்சு யாரிடமாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். மண்ணுக்கு நாங்கள் பொறுப்பு.